ரோடியம்: மோதிரத்தின் மேலும் காரின் அடியிலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நகைக்கடை பில்லில் ‘ரோடியம் பாலிஷ்’ என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் ஒரு பக்கம். சைலன்சர் திருட்டுச் செய்தியைப் படித்துவிட்டு, ‘அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். நான் பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துகிறவன். என் மாமா கோயம்புத்தூரில் முலாம் பட்டறை வைத்திருந்தார். அதனால் இரண்டு தரப்புக் கேள்விகளும் என்னிடமே வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரோடியம் என்றால் என்ன?

பிளாட்டினத்தின் பங்காளி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், இரிடியம், ஆஸ்மியம் என்று ஆறு பேர் ஒரே குடும்பம். பூமியிலும் பெரும்பாலும் ஒன்றாகவே கிடைப்பார்கள். ரோடியத்தின் அணு எண் 45. வெள்ளிபோல் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெள்ளிபோல் கறுக்காது. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். ரோடியம் உருக 1964 டிகிரி வேண்டும். தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைக்கும் ராஜ திராவகத்தில் ஒரு ரோடியக் கட்டியைப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

இவ்வளவு பெருமை இருந்தும் ரோடியத்தை மட்டும் வைத்துச் செய்த பொருள் எதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாதாரண வெப்பநிலையில் அதைத் தட்டி வளைப்பது கடினம், விலையும் தாங்காது. பெரும்பாலும் இன்னொன்றின் மேல் பூச்சாகவோ, பிளாட்டினத்தோடு கலந்த சில சதவீதமாகவோ, கண்ணுக்குத் தெரியாத துகளாகவோதான் இருக்கும்.

தங்கத்தைவிட அரிதானதா?

ரொம்பவே. உலகச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் தங்கம் வருகிறது. ரோடியம் வருவது 20 டன் சொச்சம். அதையெல்லாம் உருக்கி ஊற்றினால் மொட்டை மாடியில் வைக்கும் 2,000 லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்றுகூட நிரம்பாது. உலகம் முழுக்க ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

வெள்ளைத் தங்க நகைக்கு ஏன் ரோடியம் பூசுகிறார்கள்?

தங்கம் மஞ்சள்தான். அதோடு பல்லேடியமோ நிக்கலோ சேர்த்து வெளுக்க வைக்கிறார்கள். 18 கேரட் வெள்ளைத் தங்கத்திலும் முக்கால் பங்கு தங்கம் இருப்பதால், என்ன செய்தாலும் லேசாகப் பழுப்போ மஞ்சளோ தட்டும். மேலே ரோடியம் பூசினால்தான் கடை விளக்கில் நாம் பார்க்கும் அந்த வெண்மை வரும்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கதை நடந்தது. மனைவிக்கு வாங்கிய வெள்ளைத் தங்க மோதிரம் இரண்டு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் மட்டும் மஞ்சளடித்தது. விற்கும்போது அது முலாம் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளோ தங்கமே மட்டம் என்று நினைத்துவிட்டாள். தங்கத்தில் குறையில்லை, மேல்தோல் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முலாம் தேயும் என்று முதலிலேயே சொல்லி விற்பதுதான் முறை என்பது என் கருத்து.

22 கேரட் மஞ்சள் நகையிலும் இதைப் பார்க்கலாம். வளையலிலும் செயினிலும் இடையிடையே வெள்ளையாக மின்னும் கட்டிங் இருக்கிறதே, அது பெரும்பாலும் ரோடியம்தான். வெள்ளிக் கொலுசு கறுக்காமலிருக்கப் பூசுவதும் உண்டு.

பட்டறையில் அதை எப்படிப் பூசுகிறார்கள்?

பூசுவது என்பது பேச்சுவழக்கு, உண்மையில் மின்முலாம். மாமா பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ரோடியம் சிறு பாட்டிலில் சல்பேட் கரைசலாக வரும். அந்தப் பாட்டிலில் இருந்தது 2 கிராம் உலோகம். அதை வடிநீர் சேர்த்து 1 லிட்டராக்க வேண்டும். வெளிறிய டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அந்தப் பாட்டிலை மாமா நகைகளோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

முதலில் நகையை நன்றாக பாலிஷ் போட்டு, அல்ட்ராசானிக் தொட்டியில் அழுக்கு நீக்கி, கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு. பிறகு செம்புக் கம்பியில் மாட்டி ரோடியக் கரைசலில் தொங்கவிட்டு மூன்று வோல்ட் அளவில் மின்சாரம் கொடுப்பார்கள். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். எடுக்கும்போது வெள்ளை. மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நெயில் பாலிஷ் தடவி மறைத்துவிடுவார்கள். முலாம் முடிந்ததும் அதைக் கரைத்து எடுத்தால் இரட்டை நிறம் தயார். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் முலாம் நிற்காது. செம்புக் கம்பி தவறிக் கரைசலுக்குள் விழுந்தால் செம்பு கரைந்து மொத்தக் குளியலும் கெடும். மாமா உரக்கத் திட்டி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கழுவிய தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். நகையோடு ஒட்டிவந்த ரோடியம் அதில் இருக்கும். அதைத் தனிக் குவளையில் சேர்த்து வைத்திருந்து, அடுத்த குளியலுக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

அப்படியென்றால் என் மோதிரத்தில் எவ்வளவு ரோடியம் இருக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோதிரத்தின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர், முலாம் 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 12.4 கிராம். பெருக்கினால் ஒரு மில்லிகிராம் சொச்சம் வருகிறது. 2021இல் ரோடியம் விலை உச்சத்தில் இருந்தபோதுகூட அது நூறு ரூபாய்க்குள் அடங்கும் உலோகம். மற்றதெல்லாம் உழைப்புக்கும், கரைசல் சேதாரத்துக்கும், கடை வாடகைக்கும். எனவே ரோடியம் போட்டதால் நகையின் எடை கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய நகையை மாற்றும்போதும் அந்த ரோடியத்துக்கு மதிப்பு கிடையாது. தங்கத்தின் தூய்மையைக் காட்டும் கேரட்மீட்டரில் அதன் பெயர் ஒரு வரியில் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை.

‘பிளாட்டினம் பாலிஷ்’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் ரோடியத்தைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். பிளாட்டினம் நகை என்பது வேறு. அது முழுக்கப் பிளாட்டினக் கலவை, பொதுவாக 95 சதவீதத் தூய்மை.

அணிந்தால் அலர்ஜி வருமா?

ரோடிய உலோகம் தோலோடு வினைபுரியாது. அரிப்பு வருவது பெரும்பாலும் அடியிலுள்ள நிக்கலால். முலாம் தேயும்போதுதான் அது வெளியே தலைகாட்டும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பல்லேடியம் சேர்த்த வெள்ளைத் தங்கமா என்று கேட்டு வாங்கலாம். பட்டறைக் கரைசல் கதை வேறு. அது அமிலம், ரோடிய உப்புகளும் தோலுக்கு ஆகாதவை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

சரி, காரில் ரோடியத்துக்கு என்ன வேலை?

உலகத்தில் கிடைக்கும் ரோடியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போவது இங்கேதான். நகைக்குப் போவது கொசுறு.

பெட்ரோல் எஞ்சின் புகையில் மூன்று தொல்லைகள்: கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டுக்கும் ஆக்சிஜனைச் சேர்த்து எரித்துவிட வேண்டும்; பல்லேடியமோ பிளாட்டினமோ அதைச் செய்துவிடும். மூன்றாவதற்கு நேர்மாறான வேலை: அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். இதில் ரோடியத்தை அடிக்க ஆளில்லை. நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு ரோடியத்தின் மேல் வந்து ஒட்டியதும் இரண்டாகப் பிளக்கிறது. நைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து, நாம் சுவாசிக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனாகவே வெளியேறுகின்றன. மிஞ்சிய ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடு எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. ஒரு தொல்லையை வைத்தே இன்னொரு தொல்லையைத் தீர்க்கும் ஏற்பாடு.

எரிப்பதும் பிடுங்குவதும் புகைக்குழாயில் பொருத்திய ஒரே டப்பாவுக்குள் (அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) நடக்க வேண்டுமென்றால், காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஆக்சிஜன் சென்சர் இருப்பது அதற்காகத்தான். சென்சர் கெட்டு, ‘வண்டி ஓடுகிறதே’ என்று அப்படியே விட்டால் மாசும் கூடும், கன்வெர்ட்டரும் சீக்கிரம் போகும்.

டப்பாவை வெட்டிப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் உருளை. சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான மெல்லிய துளைகள். சுவர்களில் அலுமினா பூச்சு, அந்தப் பூச்சுக்குள் நானோ மீட்டர் அளவில் உலோகத் துகள்கள். சாதாரணக் காரில் ரோடியம் ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் துகள்களின் மேல் படிந்து வினையூக்கியைச் சாகடித்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்துதான் வர முடியும்.

டீசல் வண்டி, பைக், மின்சாரக் கார்?

டீசல் புகையில் ஆக்சிஜன் அதிகம். அங்கே ரோடியத்தின் வித்தை பலிக்காது. பெரிய லாரிகளில் யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்களே, அது அந்த நைட்ரஜன் ஆக்சைடு வேலைக்குத்தான். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 மாசு விதிப்படி செய்த பைக்குகளின் சைலன்சருக்குள்ளும் சிறிய வினையூக்கி இருக்கிறது. மின்சாரக் காருக்குப் புகைக்குழாயே கிடையாது, ரோடியத்துக்கும் வேலை இல்லை. ஹைபிரிட் காருக்கு எஞ்சின் இருப்பதால் கன்வெர்ட்டரும் வேண்டும்.

சைலன்சர் திருட்டு இதற்காகத்தானா?

ஆமாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டொயோட்டா பிரியஸ் கார்களுக்கு அடியில் புகுந்து இரும்பு ரம்பத்தால் ஓரிரு நிமிடத்தில் அறுத்துக்கொண்டு போனார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் வரிசையாகக் காணாமல் போயின. திருடன் அதை முழுசாக விற்பதில்லை. உள்ளிருக்கும் பீங்கானை உடைத்து, அந்த ‘மண்ணை’ எடை போட்டு விற்கிறான்.

நேர்மையான மறுசுழற்சியும் நடக்கிறது. பழைய கன்வெர்ட்டர்களை அரைத்து, உருக்கி, அமிலத்தில் பிரித்தெடுக்கிறார்கள். சந்தைக்கு வரும் ரோடியத்தில் கணிசமான பங்கு இப்படித் திரும்பி வருவதுதான். வண்டியை ஸ்கிராப்புக்குப் போடும்போது கன்வெர்ட்டருக்குத் தனி விலை உண்டு என்பதை மறக்காதீர்கள். தெரியாமல் இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வருபவர்கள் அதிகம்.

கார், நகை தவிர வேறு எங்கே பயன்படுகிறது?

முதலில் உரம். அம்மோனியாவிலிருந்து உரத்துக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆலையில், தலைமுடி கனத்தில் இழுத்த பிளாட்டினம்–ரோடியம் கம்பியை வலையாகப் பின்னி வைத்திருப்பார்கள். ரோடியம் 5 முதல் 10 சதவீதம். அம்மோனியாவும் காற்றும் கலந்து அந்த வலையைக் கடக்கும்போது 900 டிகிரி வெப்பத்தில் வலை பழுக்கக் காய்ந்திருக்கும். கண்மூடித் திறப்பதற்கு எவ்வளவோ முன்பே வினை முடிந்துவிடும். வெறும் பிளாட்டினம் என்றால் அந்தச் சூட்டில் தொய்ந்து போகும், சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். ரோடியம்தான் முதுகெலும்பு கொடுக்கிறது. அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் பறந்து போகும். அதைப் பிடிக்க அடியில் பல்லேடிய வலை ஒன்று விரித்திருப்பார்கள்.

அடுத்தது கண்ணாடி இழை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளைப் பார்க்கலாம். அந்த இறக்கைகளில் இருப்பது பிசினில் தோய்த்த கண்ணாடி இழை. உருகிய கண்ணாடியை நூலாக இழுக்க, நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு தட்டு வேண்டும். இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கண்ணாடி மாதக்கணக்கில் அதன் வழியே இறங்கினாலும் துளை விரியக்கூடாது. இரும்பால் முடியாது. பிளாட்டினத்தோடு 10 முதல் 20 சதவீதம் ரோடியம் கலந்த தட்டுதான் தாங்கும்.

இரும்பு, எஃகு ஆலைகளில் அது வெப்பமானி. ஒரு கம்பி பிளாட்டினம், இன்னொரு கம்பி பிளாட்டினத்தோடு 10 சதவீதம் ரோடியம். இரண்டு கம்பிகளையும் சேர்த்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1,600 டிகிரியில் சுமார் 17 மில்லிவோல்ட். உருகிய எஃகில் காகித அட்டைக் குழாய் செருகிய கோலை முக்கி எடுப்பார்கள். முனை சில நொடியில் எரிந்துவிடும், அதற்குள் அளவு பதிவாகிவிடும்.

சில்லறை வேலைகளும் உண்டு. பல் மருத்துவர் வாய்க்குள் விடும் சிறு கண்ணாடியில் பல தரமானவை முன்பக்கமே ரோடியம் பூசியவை. சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருப்பதால் பிம்பம் இரட்டையாகத் தெரியும். இதில் தெரியாது, சூட்டில் கிருமி நீக்கினாலும் மங்காது. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் கருவிகள் பலவற்றில் எக்ஸ்-ரே கதிரை வடிகட்டுவதும் மெல்லிய ரோடியத் தகடுதான். அணு உலைக்குள் நியூட்ரான் எண்ணும் கருவிகளிலும் ரோடியக் கம்பி இருக்கிறது.

வேதியியல் பாடத்தில் ரோடியம் அடிக்கடி வருகிறதே, ஏன்?

நல்ல வினையூக்கி என்பதால். மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து அசிட்டிக் அமிலம் செய்யும் முறையை மான்சான்டோ நிறுவனம் ரோடியத்தை வைத்து 1970இல் ஆலை அளவுக்குக் கொண்டுவந்தது. மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையின் மூலப்பொருள் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் வருகிறது. 1996இல் பி.பி. நிறுவனம் அதே வேலைக்கு இரிடியத்தைக் கொண்டுவந்தது. ரோடியத்தின் விலையும் அதற்கு ஒரு காரணம்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்வது எல்-டோபா கதை. பார்க்கின்சன் நோய்க்கான இந்த மருந்தின் மூலக்கூறு, செருப்பு ஜோடி மாதிரி இடது வலது என்று இரண்டு வடிவில் இருக்கும். உடம்புக்கு ஒன்றுதான் பொருந்தும். சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். வில்லியம் நோல்ஸ் என்ற அமெரிக்க வேதியியலர், ரோடியத்தோடு ஒரு பக்கம் சாய்ந்த பாஸ்பரஸ் மூலக்கூறைக் கட்டி, வேண்டிய செருப்பை மட்டும் தயாரிக்க வைத்தார். 2001 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

எங்கே கிடைக்கிறது?

ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்காவில், புஷ்வெல்ட் என்ற பாறைத் தொகுதியிலிருந்து. அப்புறம் ரஷ்யா, ஜிம்பாப்வே, கனடா. ரோடியத்துக்கென்று சுரங்கம் கிடையாது. ஒரு டன் பாறையை உடைத்தால் எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து சில கிராம் தேறும். அதில் ரோடியம் அரை கிராம்கூட இருக்காது. சுத்திகரிப்பிலும் கடைசிப் பந்தியில் வந்து உட்காருவது பெரும்பாலும் ரோடியம்தான்.

விலை ஏன் இப்படிக் குதிக்கிறது?

மேலே சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது. ரோடியத்தின் விலை ஏறியதென்று யாரும் அதற்காகக் கூடுதலாகத் தோண்ட மாட்டார்கள். பிளாட்டினத்துக்காகத் தோண்டும்போது வருவதுதான் வரும். கார் கம்பெனிகளாலும் அதை விட முடியாது, விதிமுறை விடாது.

2008 நடுவில் ஒரு டிராய் அவுன்ஸ் (31.1 கிராம்) சுமார் 10,000 டாலர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரம் டாலர் அளவுக்கு விழுந்தது. 2016இல் தங்கத்தின் விலையில் பாதிதான். அப்புறம் சீனாவிலும் இந்தியாவிலும் மாசு விதிகள் இறுகின. 2020 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலோ அமெரிக்கன் பிளாட்டினம் நிறுவனத்தின் உருக்காலைப் பிரிவு ஒன்று வெடித்து நின்றது, பிறகு கொரோனா. 2021 மார்ச்சில் அவுன்ஸ் 29,000 டாலரைத் தொட்டது. அப்போதைய தங்கத்தைப்போல் 16, 17 மடங்கு. விலை தாங்காத கண்ணாடி இழை ஆலைகள் ரோடியம் குறைந்த கலவைக்கு மாறி, கையிருப்பை விற்றன. 2023இல் 4,000 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

முதலீட்டுக்கு வாங்கலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். தங்கம் என்றால் தெருமுனை அடகுக்கடைகூட வாங்கிக்கொள்ளும். ரோடியக் கட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் இருப்பது வேறு, எடுத்துக் கட்டுப்படியாவது வேறு. சுரங்கம் எதுவும் வரவில்லை. அதே ஊர்ப் பாறை, நிலவின் மண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு மாதிரி மண் தயாரித்தது.

பெயர் எப்படி வந்தது?

1804இல் லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன், தென்னமெரிக்கப் பிளாட்டினத் தாதைக் கரைத்துப் பிரித்தபோது ரோஜா நிற உப்பு ஒன்று கிடைத்தது. கிரேக்கத்தில் ரோஜாவுக்கு ‘ரோடான்’. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் பெயரிலும் அதே ரோஜாதான் இருக்கிறது. உலோகம் வெள்ளை, பெயர் மட்டும் சிவப்பு.

முலாம் போட்ட மோதிரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ரோடியம் கடினமானது, ஆனால் பூச்சு மெல்லியது. பாத்திரம் தேய்க்கும் நார், சபீனா, மணல், உடற்பயிற்சிக்கூடத்து இரும்புக் கம்பி எல்லாம் அதற்கு எதிரி. டூத்பேஸ்ட் போட்டு தேய்க்கவே கூடாது; இளம் சூட்டுச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தினமும் போடும் மோதிரத்துக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுமுலாம் தேவைப்படும். தோட்டுக்கும் டாலருக்கும் அவ்வளவு சீக்கிரம் வராது. கல் பதித்த நகையென்றால் பட்டறையில் கொடுக்கும் முன்பு என்ன கல் என்று சொல்லிவிடுங்கள். முத்தும் பவளமும் அமிலக் குளியலைத் தாங்காது.